கிருபையின் காலத்தில் என் மகனுக்காகக் கேட்கலாமா?

ஏற்காட்டு மலையில் ஒரு காப்பித் தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவர் தோட்டத்தில் மேஸ்திரி. இவர் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். ஒன்பது வயது மகனுக்கு மூன்று வருடமாக வலிப்பு. சேலத்தில் மருத்துவரிடம் காட்டி, காலையும் இரவும் மாத்திரை கொடுத்து வந்ததில் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. போன வருடம் குடும்பத்தோடு ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனார்கள். பையன் தலையில் கை வைத்து ஜெபித்த பாஸ்டர், "சுகம் வந்துவிட்டது, இனி மாத்திரை கொடுத்தால் அது அவிசுவாசம்" என்று சொல்ல, நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது வாரம் காப்பிக் களத்தில் விளையாடிக்கொண்டிருந்த பையன் விழுந்து, கை கால் வெட்டி இழுத்தது. சிமெண்டுத் தரையில் கன்னம் உரசி, காயப்போட்டிருந்த காப்பிப் பழத்தோல் காயத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். யாரோ ஓடிவந்து கையில் சாவியைத் திணித்தார்கள். ஜீப்பில் போட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போய்ச் சேர்வதற்குள், "என் விசுவாசம் எங்கே குறைந்தது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்" என்கிறார்.

பாஸ்டரும் அதையே சொன்னார். கூடவே தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை, பாக்கி என்றார். மகளிர் குழுவில் கடன் வாங்கி அதைக் கட்டினார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் காணிக்கை தருவதாக ஒரு பொருத்தனை (நேர்ச்சை) அட்டையிலும் கணவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அப்புறம் சேலம் அம்மாப்பேட்டையில் பெரியப்பா மகன் வீட்டில் நடக்கும் வேத வகுப்பு. அண்ணன் சொன்னது இது: நாம் கிருபையின் காலத்தில் இருக்கிறோம், "கேட்டதெல்லாம் கிடைக்கும்" என்ற வாக்குத்தத்தம் இஸ்ரவேலருக்கு உரியது, தசமபாகம் நமக்கில்லை, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபமும் நமக்கில்லை, தேவன் இன்று சரீர சுகத்தில் தலையிடுவதில்லை. கேட்டதும் பெரிய பாரம் இறங்கியது என்கிறார். ஆனால் அதற்குப் பிறகு ஜெபமே வரவில்லை. "முழங்காலில் நின்றால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. மகனுக்காகக் கேட்டால் தப்போ என்று எழுந்துவிடுகிறேன்." சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த மாமியார் தினமும் இரவு பேரனோடு பரமண்டல ஜெபம் சொல்கிறார். அதைத் தடுக்க வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. கணவர் இன்னும் பழைய கூட்டத்துக்குத்தான் போகிறார்.

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், "இப்போது மாத்திரை மறுபடி கொடுக்கிறேன், ஆனால் கணவருக்குத் தெரியாமல். அவர் வீட்டில் இருக்கும் நாளில் சில வேளை விட்டுப்போகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

மாத்திரை ஒரு வேளையும் தவறக்கூடாது

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும், விட்டு விட்டுக் கொடுத்தாலும், முன்பைவிடக் கடுமையாக வலிப்பு வரலாம். ஒன்று நிற்பதற்குள் அடுத்தது தொடங்கி, உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். வழக்கமாக இரண்டு வருடமாவது வலிப்பே வராமல் இருந்தால்தான் மருத்துவர் மாத்திரையைக் குறைப்பதைப் பற்றியே யோசிப்பார். அதையும் மாதக்கணக்கில் சிறுகச் சிறுகத்தான் செய்வார். இந்த முடிவை எடுக்க வேண்டியவர் மருத்துவர். பாஸ்டருக்கும் அண்ணனுக்கும் எனக்கும் அதில் இடமில்லை.

மறுபடி வந்தால் பையனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துணி வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் ஒரு பலனும் கிடையாது. எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்கள் இருப்பது மலையில், பெரிய ஆஸ்பத்திரி கீழே இருக்கிறது. அதனால் வலிப்பு நேரத்தில் மூக்கில் அடிக்கும் அவசர மருந்து இவனுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம். பட்டினியும் சிலருக்கு ஆகாது. முழு இரவு ஜெபத்துக்கும் உபவாசக் கூட்டத்துக்கும் பையனைக் கூட்டிப்போவதை நிறுத்துங்கள். அவன் நேரத்துக்குத் தூங்குவதில் விசுவாசக் குறைவு எதுவுமில்லை.

யாருடைய விசுவாசம் குறைந்தது?

இந்தக் கேள்வி உங்களை அரித்துக்கொண்டிருப்பது கடிதம் முழுக்கத் தெரிகிறது. பாஸ்டர் மத்தேயு 17-ஆம் அதிகாரத்தைக் காட்டி, வலிப்பு வந்த பையனிடமிருந்து இயேசு பிசாசைத் துரத்தினாரே என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதே பகுதியை நிதானமாகப் படியுங்கள். சீஷர்களால் அந்தப் பையனைச் சுகப்படுத்த முடியவில்லை. ஏன் என்று அவர்கள் இயேசுவிடம் தனியே கேட்கிறார்கள். "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" என்கிறார். அந்தச் சொல் விழுந்தது சுகப்படுத்தப் பார்த்தும் முடியாமல் போனவர்கள் மேல். பையனைத் தூக்கிக்கொண்டு வந்த தகப்பன் மேல் விழவில்லை. மாற்கு எழுதியதில் அந்தத் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறுகிறான். அரை விசுவாசம்தான். அதோடு வந்தவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை.

வலிப்பு என்றாலே பிசாசு என்பதும் வேதத்தில் இல்லை. மத்தேயு 4:24 பிசாசுபிடித்தவர்களை ஒரு வகையாகவும் சந்திரரோகிகளை, அதாவது வலிப்பு உள்ளவர்களை, வேறு வகையாகவும் பிரித்துச் சொல்கிறது. வலிப்பு மூளையின் மின்னோட்டத்தில் ஏற்படும் கோளாறு. உங்கள் மகனுக்கு வந்திருப்பது நோய். அதற்கு அவனும் காரணமில்லை, நீங்களும் காரணமில்லை.

அண்ணன் சொன்னதில் எது சரி?

நானும் வேதத்தைக் காலங்களாகப் பகுத்துப் படிப்பவன்தான். அதனால் அண்ணனின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் "கிருபையின் போதனை" என்ற ஒரே பேரில் இரண்டு வேறு வேறு போதனைகள் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

இந்த முறை பரவலானது 19-ஆம் நூற்றாண்டில். அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து வெளியே வந்து, சகோதர சபைகளின் தலைவர்களில் ஒருவரான ஜான் நெல்சன் டார்பி (1800-1882) இதற்கு வடிவம் கொடுத்தார். 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டின் விளக்கக் குறிப்பு வேதாகமம் இதை வீடு வீடாகக் கொண்டுபோனது. குற்றமின்மை, மனச்சாட்சி, மனித ஆளுகை, வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம் (மோசே வழியாக வந்த சட்டம்), கிருபை, ராஜ்யம் என்று ஏழு காலங்கள். ஒவ்வொரு காலத்திலும் தேவன் மனிதரிடம் ஒவ்வொரு விதமாகக் கணக்குக் கேட்கிறார், நாம் இருப்பது ஆறாவதில் என்பது இதன் சாரம். இது உங்களுக்குக் கொடுத்த விடுதலை உண்மையானது. "நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால்" என்று ரோமர் 6:14 சொல்கிறது. கொடுத்தால்தான் தேவன் காப்பார், தவறினால் பையனை அடிப்பார் என்ற பயம் அந்த வசனத்தின் முன் நிற்காது.

இதிலிருந்து 20-ஆம் நூற்றாண்டில் இன்னும் கடுமையான ஒரு பிரிவு கிளைத்தது. சபை, பரிசுத்த ஆவி சீஷர்கள் மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் தொடங்கவில்லை, பவுலோடுதான் தொடங்கியது, ஆகவே பவுலின் நிருபங்கள் மட்டுமே நமக்கு நேரடியாக உரியவை என்பது அவர்கள் கணக்கு. அண்ணனின் வகுப்பு இந்தப் பக்கம் சாய்ந்திருப்பதாகத் தெரிகிறது. அவர்களே சொல்லும் ஒரு வாசகம் உண்டு: வேதம் முழுவதும் நமக்காக எழுதப்பட்டது, ஆனால் முழுவதும் நமக்கே எழுதப்பட்டதல்ல. நல்ல வாசகம். சிக்கல் என்னவென்றால், இரண்டாவது பாதியையே சொல்லிச் சொல்லி, முதல் பாதியை விட்டுவிடுகிறார்கள். "முன்பு எழுதியிருக்கிறவைகளெல்லாம் நமக்குப் போதனையாக எழுதியிருக்கிறது" என்பது பவுலே எழுதியதுதான் (ரோமர் 15:4).

மத்தேயு 21:22-ஐ மட்டும் பிய்த்தெடுத்து, "எதைக் கேட்டாலும் கிடைக்கும், கிடைக்காவிட்டால் உன் விசுவாசம் சரியில்லை" என்று போதிப்பது தவறு என்பதில் அண்ணனோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். அந்த வார்த்தை யாரிடம், எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஆனால் அங்கிருந்து "ஆகவே எதையும் கேட்காதே" என்று போய்ச் சேர்வதற்கு வேதத்தில் வழியில்லை. பவுலின் நிருபங்களை மட்டும் வைத்துக்கொண்டாலும் இல்லை.

பவுல் என்னென்ன கேட்டார்?

பவுலுக்குச் சரீரத்தில் ஒரு முள் இருந்தது. அது நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டேன் என்கிறார் (2 கொரிந்தியர் 12:8). சரீர வேதனைக்காகக் கேட்பது கிருபையின் காலத்துக்கு ஒவ்வாது என்று அவருக்குத் தோன்றவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது கேட்ட பிறகுதான். அந்தப் பதிலை முன்கூட்டியே உங்கள் வாயில் அடைத்து, கேட்கவே விடாமல் செய்ய யாருக்கும் உரிமையில்லை.

தன் உடன் ஊழியர் எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்ததைப் பிலிப்பியர் 2:27-ல் எழுதுகிறார். "தேவன் அவனுக்கு இரங்கினார்" என்றுதான் சொல்கிறார். துக்கத்தின்மேல் துக்கம் தனக்கு வராதபடிக்குத் தனக்கும் இரங்கினார் என்கிறார். இன்று தேவன் சரீர சுகத்தில் தலையிடுவதில்லை என்று நினைத்த மனிதர் இப்படி எழுதியிருக்க மாட்டார். இன்னொரு பக்கம், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவிட்டு வருகிறார் (2 தீமோத்தேயு 4:20). எபேசுவில் அவருடைய சரீரத்திலிருந்து எடுத்த துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அதே பவுல், பிற்பாடு ஒரு நண்பரை நோயோடு விட்டுப் போகிறார், அதற்காகத் துரோப்பீமுவைக் குறை சொல்லவும் இல்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கு உபவாசக் கூட்டம் வைக்கவில்லை; அந்தக் காலத்தில் மருந்தாகப் பயன்பட்ட திராட்சரசத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளச் சொன்னார்.

அண்ணனிடம் சண்டை போட வேண்டாம். பிலேமோன் 22-ஆம் வசனத்தை மட்டும் வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். சிறையிலிருந்து எழுதிய கடிதம் அது. உங்கள் விண்ணப்பங்களினாலே நான் உங்களிடம் தரப்படுவேன் என்று நம்புகிறேன், எனக்கு ஓர் இடத்தை ஆயத்தம் பண்ணு என்கிறார். விடுதலை கிடைக்கும், ஊருக்கு வருவேன், படுக்க ஓர் அறை வேண்டும். இதைவிட வெளிப்படையான, உலகத்துக் காரியமான ஜெபம் வேறென்ன இருக்கிறது? பவுலின் நிருபங்கள் மட்டுமே நமக்கு என்பவர்களும் இதைத் தள்ள முடியாது.

அதனால் கேளுங்கள். மகன் பேரைச் சொல்லிக் கேளுங்கள். வலிப்பு நிற்க வேண்டும் என்று நேராகவே கேளுங்கள். பிலிப்பியர் 4:6 "எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை" என்கிறது. அந்த "எல்லாவற்றையும்" என்பதில் வலிப்பும் மாத்திரைச் செலவும் கணவரின் பிடிவாதமும் அடங்கும். அடுத்த வசனம் கொடுக்கும் வாக்கு, தேவசமாதானம் உங்கள் இருதயத்தையும் சிந்தையையும் காத்துக்கொள்ளும் என்பது. கேட்டது அப்படியே கிடைக்கும் என்று அங்கே சொல்லவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், மாத்திரை வழியாகவே கிடைக்கலாம். எது நடந்தாலும் அது உங்கள் விசுவாசத்துக்குப் போட்ட மதிப்பெண் கிடையாது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பழைய இடத்தில் "இப்படிக் கேட்டே ஆகவேண்டும்" என்று சட்டம் போட்டார்கள். புது இடத்தில் "கேட்கவே கூடாது" என்கிறார்கள். ஒரு தாயைப் பிள்ளைக்காக அழவிடாத போதனை, எத்தனை வசன எண்களோடு வந்தாலும், கிருபையின் பேரில் வந்த இன்னொரு நியாயப்பிரமாணம்தான்.

ஜெபம் வராத நாளில் எபேசியர் 3:14 முதல் 19 வரை, கொலோசெயர் 1:9 முதல் 11 வரை எடுத்து, "நீங்கள்", "உங்கள்" என்று வரும் இடங்களில் உங்கள் பேரையும் மகன் பேரையும் வைத்து மெதுவாக வாசியுங்கள். அதுவே ஜெபம்தான். அந்த இரண்டு ஜெபங்களிலும் பவுல் கேட்பது உள்ளான மனுஷனில் பலம், பொறுமை, தேவசித்தத்தை அறிகிற அறிவு. மூன்று வருடமாக நோயாளிப் பிள்ளையை வைத்திருக்கும் உங்களுக்கு இவை மூன்றும் தேவை.

தசமபாகம், கடன், பொருத்தனை அட்டை

தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ஐ வைத்துத்தான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். நியாயப்பிரமாணத்தின் தசமபாகம் நிலத்தின் விளைச்சலிலும் ஆடுமாடுகளிலும் கொடுப்பது. அது லேவியருக்குப் போனது. மூன்றாம் வருடத்து தசமபாகம் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போனது (உபாகமம் 14:28-29). வட்டிக்குக் கடன் வாங்கித் தசமபாகம் கட்டு என்று அந்த நியாயப்பிரமாணமே கேட்டதில்லை. நமக்கோ "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று 2 கொரிந்தியர் 9:7 இருக்கிறது. கொடுங்கள், சந்தோஷமாகக் கொடுங்கள். ஆனால் முதலில் குழுக் கடனை அடையுங்கள். உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட பெண்கள் மேல் அந்தச் சுமை விழக்கூடாது. தன் வீட்டாரை விசாரியாமற்போகிறவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8.

பொருத்தனை அட்டையைப் பொறுத்தவரை, பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுக்கிறேன் என்று எழுதித்தரும் வாக்கை 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி பொதுவாக வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு. மிரட்டல் மாதிரி ஏதாவது வந்தால் சேலம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

மாமியாரின் பரமண்டல ஜெபம்

தடுக்காதீர்கள். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரி நியாயப்பிரமாணத்தின் தரையில் நிற்கிறது, எபேசியர் 4:32 கிருபையின் தரையில் நிற்கிறது என்று ஸ்கோஃபீல்டே குறிப்பு எழுதினார். அண்ணன் அதிலிருந்துதான் பேசுகிறார். தேவன் நம்மை மன்னித்ததால் நாம் மன்னிக்கிறோம் என்பதை மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள், அது போதும். பிதாவே என்று கூப்பிடவும், அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கேட்கவும், அவர் சித்தம் செய்யப்படட்டும் என்று சொல்லவும் ஒரு சிறுவன் பாட்டியின் மடியில் படித்துக்கொள்கிறான். ராத்திரியில் வலிப்புக்குப் பயந்து கிடக்கும் பிள்ளைக்கு அந்தப் பழக்கமான வார்த்தைகள் பெரிய துணை. எந்தக் காலத்துக்கு உரியது என்ற விவாதம் அவன் பெரியவனான பிறகு இருக்கட்டும்.

கணவர்

நீங்கள் அதிகம் எழுதாமல் விட்டது இவரைப் பற்றித்தான். மறைத்து மாத்திரை கொடுப்பது நெடுநாள் ஓடாது. பிடிபடும் நாளில் பேச்சு மாத்திரையிலிருந்து உங்கள் நேர்மைக்குத் திரும்பிவிடும். அண்ணனின் வசனங்களை வைத்து அவரை மடக்கவும் பார்க்காதீர்கள். அவரும் களத்தில் ஓடிப்போய் அந்தப் பிள்ளையைத் தூக்கினவர். மாத்திரைதான் சரி என்று ஒப்புக்கொண்டால், அன்று நடந்ததற்குத் தானே பொறுப்பாகிவிடுவோமோ என்ற பயம் அவருக்குள் இருக்கலாம். "நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் நிறுத்தினோம், ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல வேண்டாம்" என்று நீங்கள் முதலில் சொன்னால், அவர் காது கொடுக்க வாய்ப்பு அதிகம். ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே சேர்ந்து ஜெபிப்போம் என்று கேளுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால், அடுத்த முறை சேலம் இறங்கும்போது அவரையும் கட்டாயம் கூட்டிப்போய், மருத்துவர் வாயாலேயே கேட்க வையுங்கள். கூட்டத்தில் யாராவது மறுபடி மாத்திரையை நிறுத்தச் சொன்னால், குழந்தை விஷயம் என்பதால், 1098 உதவி எண்ணில் பேசலாம். மருத்துவரிடம் போகும்போது ஒரு நோட்டில் வலிப்பு வந்த தேதி, எத்தனை நிமிடம் நீடித்தது, அதற்கு முந்தைய இரவு எப்படித் தூங்கினான், எந்தெந்த வேளை மாத்திரை விட்டுப்போனது என்று எழுதிக்கொண்டு போங்கள். விட்டுப்போனதை மறைக்காதீர்கள், அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் அளவை முடிவு செய்ய வேண்டும்.